விளக்கெண்ணெயும் மரரம்பமும்

ரிமோட் கார் பந்தயம் நடக்கும் மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், எது எந்தக் கார் என்று சொல்லிவிடலாம். ஒன்று காதைத் துளைக்கும் கீச்சுக் குரலில் பறக்கும். அதற்குள் இருப்பது நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழலும் எஞ்சின். கார் கடந்துபோன இடத்தில் நீலப் புகையும், வாணலியில் விளக்கெண்ணெய் காய்ந்த வாசமும் சற்று நேரம் நிற்கும். இன்னொன்று மரம் அறுக்கும் ரம்பம் போல உறுமிக்கொண்டு வரும். அதன் பின்னால் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் கிளம்பிப் போன வாடை. முதலாவது நைட்ரோ. இரண்டாவது பெட்ரோல்.

வாசமும் சத்தமும் பொய் சொல்வதில்லை. நைட்ரோ எஞ்சினில் எரிவது உண்மையிலேயே விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள். பெட்ரோல் காருக்குள் இருப்பதோ, உண்மையிலேயே ரம்பத்துக்கும் புல்வெட்டிக்கும் பிறந்த எஞ்சின். சுரங்க விளக்கு, வெடிமருந்து, போர் விமானம், கார் பெயின்ட், காடு, புல்வெளி என்று ஊரெல்லாம் சுற்றித்தான் இந்த இரண்டும் பொம்மைக் காருக்குள் வந்து சேர்ந்தன. அதிலும் பெட்ரோலின் பயணம் விசித்திரமானது. முதலில் வந்தது அதுதான். பிறகு நைட்ரோவிடம் இடத்தைப் பறிகொடுத்து, பல பத்தாண்டுகள் காட்டிலும் தோட்டத்திலும் உழைத்துவிட்டு, பொம்மைக்கே திரும்பி வந்தது.

நைட்ரோவின் வேர் 1817-இல், லண்டனில் இருக்கிறது. ஹம்ப்ரி டேவி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பாதுகாப்பு விளக்கு செய்தவர். அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, எரியக்கூடிய வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பியை நுழைத்துப் பார்த்தார். கலவை தீப்பிடிக்கவில்லை, ஆனால் கம்பி அணையாமல் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டே இருந்தது. சாராய ஆவியிலும் அப்படியே. பிளாட்டினம் தான் எரியாமல், தன் மேற்பரப்பில் மற்றதை எரியவைக்கிறது. ஆறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் யேனா நகரில் டோபரைனர் என்ற வேதியியல் பேராசிரியர் அதே குணத்தை வைத்து ஒரு விளக்கு செய்தார். குழாயைத் திறந்தால் ஹைட்ரஜன் பீறிட்டுப் பிளாட்டினத்தின் மேல் படும். அடுத்த நொடி சுடர். தீக்குச்சி பரவாத அந்தக் காலத்தில் ஐரோப்பிய வீடுகளுக்கு அதுதான் லைட்டர். தீக்குச்சி மலிவானதும் விளக்கு பரணுக்குப் போயிற்று. கனலும் பிளாட்டினக் கம்பியோ இன்னொரு வேலைக்காக நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது.

அதற்குள் பெட்ரோல் எஞ்சின் சின்னதாகத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனச் செயலாளர் சாமுவேல் லாங்லி, மனிதனைச் சுமக்கும் விமானம் கட்டுவதற்கு முன் அதன் கால் பங்கு அளவில் ஒரு மாதிரி செய்தார். 1901 ஜூனில் அது பெட்ரோல் எஞ்சினோடு பறந்தது. ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் இரண்டரை ஆண்டு இருந்தது. ஆக, பெட்ரோல் எஞ்சினோடு முதலில் பறந்த விமானம் ஒரு மாதிரி விமானம்தான்.

ஆனால் லாங்லியிடம் இருந்தது அரசுப் பணமும் தனிப் பட்டறையும். கடையில் வாங்கக்கூடிய குட்டி எஞ்சினுக்கு பிலடெல்பியாவைச் சேர்ந்த பில் பிரவுன் என்ற இளைஞர் வரவேண்டியிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் அவர் 10 சிசி அளவில் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கடைந்தெடுத்தார். அவருடைய நண்பர் மேக்ஸ்வெல் பாசெட் அதை ஒரு மாதிரி விமானத்தில் பொருத்தி, 1933-இல் அமெரிக்க தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். அங்கே மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் முறுக்கிய ரப்பர் பட்டையில் பறக்கும் விமானங்கள். ரப்பர் நிமிடக் கணக்கில் தளர்ந்துவிடும். பெட்ரோல் விமானமோ கண்ணுக்கு மறையும்வரை ஏறிக்கொண்டே போனது. பாசெட் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போக, அமைப்பாளர்கள் எஞ்சின் விமானங்களுக்கு என்று தனிப்பிரிவே ஏற்படுத்தினார்கள். பொருளாதாரப் பெருமந்த காலத்தில் 20 டாலருக்கு மேல் விலை வைத்தும் 'பிரவுன் ஜூனியர்' விற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அதைப் பார்த்துச் செய்தவர்கள் எத்தனையோ பேர் கிளம்பிவிட்டார்கள். ஜப்பானின் ஒசாகாவில் ஒகாவா ஷிகேயோ தன் முதல் எஞ்சினை 1936-இல் செய்தார். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த 'ஓ.எஸ்.'.

இந்த எஞ்சின்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஸ்பார்க் பிளக் வேண்டும். அதற்குக் காயில், கண்டென்சர், பேட்டரி, எஞ்சினோடு சேர்ந்து திறந்து மூடும் பாயின்ட். இத்தனையும் சேர்ந்து எஞ்சினின் எடையோடு போட்டி போடும். பட்டாம்பூச்சி எடையில் பறக்க நினைப்பவன் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டது போல. எண்ணெய் படிந்தால் பொறி விழாது. பேட்டரி இறங்கினாலும் விழாது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய், பறப்பதைவிடப் பாயின்டைச் சுரண்டியவர்களே அதிகம்.

விமானத்துக்கு இடமில்லாத நகரத்துக்காரர்கள் எஞ்சினைக் காரில் வைத்தார்கள். அப்போது ரேடியோ இல்லை. நடுவில் ஒரு கம்பம், அதில் ஒரு கம்பிக்கயிறு, கயிற்றின் முனையில் கார். செக்கைச் சுற்றும் மாடு மாதிரி வட்டமாகச் சுற்றும், வேகம் மட்டும் மணிக்கு 100 மைலுக்கு மேல். லாஸ் ஏஞ்சலஸின் டூலிங் சகோதரர்களும் டிக் மெக்காயும் இதற்கென்றே எஞ்சின் செய்து விற்றார்கள். நேராக ஓடாத, திரும்பாத, நிறுத்தவும் முடியாத இந்தக் கார்களில் இருந்தது ஒன்றே ஒன்று: வேகம். வேகத்துக்காக எதை வேண்டுமானாலும் டேங்கில் ஊற்றிப் பார்க்க அவர்கள் தயாராக இருந்தார்கள்.

அப்படி ஊற்றியவற்றில் ஒன்று நைட்ரோமீத்தேன். இதன் பூர்வீகத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1872-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் கோல்பே அதை ஆய்வகத்தில் தயாரித்தார். பயன் எதுவும் தெரியாமல் புத்தகத்தில் கிடந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு வெடிமருந்து செய்ய அசிட்டோன் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் இருந்த சைம் வைஸ்மன் என்ற யூத விஞ்ஞானி, மாவுப்பொருளைப் பாக்டீரியாவால் புளிக்கவைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டார். நாம் மாவைப் புளிக்கவைத்தால் இட்லி. அவர் மக்காச்சோளத்தைப் புளிக்கவைத்தால் வெடிமருந்துக்குக் கரைப்பான். போர் முடிந்ததும், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் டெர ஹோட் என்ற ஊரில் அதே முறையில் அசிட்டோன் எடுத்த தொழிற்சாலையை கமர்ஷியல் சால்வென்ட்ஸ் என்ற கம்பெனி எடுத்துக்கொண்டது. அசிட்டோனோடு சேர்ந்து வந்த பியூட்டனால், வேகமாகக் காயும் புதிய கார் பெயின்டுக்குக் கரைப்பானாக அமோகமாக விற்றது. அதே மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹென்றி ஹாஸ் என்ற பேராசிரியர், இயற்கை வாயுவில் கிடைக்கும் எளிய ஹைட்ரோகார்பன்களை ஆவி நிலையில் நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரிய வைத்து நைட்ரோமீத்தேனை மலிவாக எடுக்கும் முறையை 1930-களில் உருவாக்கினார். கரைப்பான் வியாபாரத்தில் ஊறிய கமர்ஷியல் சால்வென்ட்ஸ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனது. இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியாக 1949-இல் பதவியேற்ற வைஸ்மனுக்கும், அதே காலத்தில் கலிபோர்னியாவில் கம்பத்தைச் சுற்றிய பொம்மைக் காருக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

நைட்ரோமீத்தேனிடம் அப்படி என்ன இருக்கிறது? ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்து வருகிறது, கட்டுச்சோறு மூட்டையோடு பயணம் கிளம்பியவர் மாதிரி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் நாலில் ஒரு பங்குதான் இதில். ஆனால் எஞ்சினின் வயிறு ஒரு மடக்கில் இழுக்கக்கூடிய காற்று இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறதே. அந்தக் காற்றுக்குப் பல மடங்கு நைட்ரோவை எரிக்கலாம். மொத்தத்தில் ஒவ்வொரு மடக்குக்கும் பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி.

பொம்மைக்காரர்களின் இந்த ரகசியம் பெரியவர்களிடம் போன கதை ஒன்றை அமெரிக்க ஹாட் ராட் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். லாஸ் ஏஞ்சலஸில் உதிரிபாகத் தொழில் நடத்திய விக் எடெல்பிராக் கம்பத்துக் கார் ஓட்டுபவர்களிடமிருந்துதான் நைட்ரோவைப் பற்றி அறிந்தார் என்பது அந்தக் கதை. 1950-இல் அவருடைய சிறிய ஃபோர்டு எஞ்சின் பூட்டிய பந்தயக் காரை ராட்ஜர் வார்ட் ஓட்டி, அதுவரை அசைக்க முடியாதிருந்த ஆஃபன்ஹவுசர் கார்களைத் தோற்கடித்தார். டேங்கில் இருந்தது நைட்ரோ கலவை. அதன்பின் எல்லோரும் அதைத் தேடி ஓட, வேகம் எல்லை மீறியது. அமெரிக்க டிராக் பந்தய அமைப்பு 1957-இல் நைட்ரோவையே தடை செய்து, சில ஆண்டுகளில் தடையை விலக்கிக்கொண்டது. இன்று 'டாப் ஃபியூயல்' கார்கள் 90 சதவீத நைட்ரோவில் 10,000 குதிரைத்திறனைத் தாண்டுகின்றன. பெரிய கார் சின்னக் காரிடம் பாடம் கேட்ட சம்பவம் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாக நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி, காத்திருந்த பிளாட்டினக் கம்பி. மெத்தனால் கலந்த எரிபொருளில் சூடாக ஓடும் எஞ்சின், ஸ்பார்க்கை அணைத்த பிறகும் சில சமயம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். அணைத்தும் அணையாத எஞ்சினைப் பார்த்து எரிச்சல்பட்டவர்கள் பலர். அமெரிக்காவின் ரே ஆர்டன் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அந்த எரிச்சலுக்கான விடை. ஸ்பார்க் பிளக் இருக்கும் இடத்தில் அதே மரையில் பொருந்தும் 'குளோ பிளக்'. உள்ளே பொறி கிடையாது, சுருட்டிய பிளாட்டினக் கம்பி மட்டும். ஒன்றரை வோல்ட் பேட்டரியை வைத்தால் கம்பி கனலும். எஞ்சின் கிளம்பியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். ஒவ்வொரு எரிப்பின் சூடும், மெத்தனால் ஆவி பிளாட்டினத்தோடு செய்யும் வினையும் சேர்ந்து கம்பியை அணையவிடாது. டேவி 130 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே கனல். பெட்ரோல் ஆவி பிளாட்டினத்தோடு அவ்வளவு எளிதில் ஒட்டி உறவாடாது. அதனால் குளோ பிளக் வந்த வேகத்திலேயே பெட்ரோல் வெளியேற வேண்டியதாயிற்று.

அந்த மரைப் பொருத்தம்தான் என் கணக்கில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ஷ்டம். புது எஞ்சின் வாங்க வேண்டியதில்லை. பழைய பிளக்கைக் கழற்றி, புதியதை மாட்டி, காயிலையும் கண்டென்சரையும் தூக்கிப் போட்டால் போதும். ஓரிரு ஆண்டுகளில் ஆர்டனின் பிளக்கைப் பார்த்து எல்லோரும் செய்யத் தொடங்கினார்கள். கடைகளில் இருந்த இக்னிஷன் சாமான்கள் விலைபோகாமல் தங்கின. அம்மிக்கல் இறங்கியதும் எஞ்சின் இன்னும் சிறிதாக முடிந்தது. கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ராய் காக்ஸ் என்பவர், போருக்குப் பின் மரத்தாலான பொம்மைத் துப்பாக்கி செய்து பிழைத்தவர், 1951-இல் 0.8 சிசி எஞ்சினைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவுள்ள அந்தக் காக்ஸ் எஞ்சின்கள் லட்சக்கணக்கில் விற்றன.

இந்த எரிபொருளில் மூன்றாவது சரக்கு நமக்கு நெருக்கமானது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் எரிபொருளோடு கலந்தே போக வேண்டும். கனிம எண்ணெய் மெத்தனாலில் கரையாது; விளக்கெண்ணெய் கரையும். மிகுந்த சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. வேடிக்கை என்னவென்றால், முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களில் அதைப் பயன்படுத்தியதற்குக் காரணம் நேர் எதிரானது: விளக்கெண்ணெய் பெட்ரோலில் சுலபமாகக் கரையாது, ஆகவே கழுவிக்கொண்டு போகாது. 'காஸ்ட்ரால்' என்ற பெயரே ஆமணக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-இல் வந்தது. அமெரிக்கா போரில் இறங்கியதும் எண்ணெய் போதாமல், இந்தியாவிலிருந்து விதை தருவித்து ஃபுளோரிடாவில் ஆமணக்கு பயிரிட்டுப் பார்த்தது. இன்றும் உலகச் சந்தைக்கு வரும் விளக்கெண்ணெயில் பெரும்பங்கு இந்தியாவுடையது. அதிலும் குஜராத்தான் முன்னணி. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. பிறந்த குழந்தையின் உச்சியில் வைத்த எண்ணெய், 30,000 சுற்றில் சுழலும் பிஸ்டனையும் காக்கிறது. புதிய எரிபொருள்களில் செயற்கை எண்ணெயோடு கலந்து அளவு குறைந்திருந்தாலும், முற்றாக அதை ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் குறைவு.

நைட்ரோமீத்தேனின் மறுமுகம் 1958-இல் தெரிந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதை ஏற்றிய ரயில் டேங்கர்கள் இரண்டு, வெவ்வேறு இடங்களில் வெடித்தன. அதுவரை சாதாரணக் கரைப்பானாகவே அதைக் கையாண்டிருந்தார்கள். அதன்பின் டிரம்களில் மட்டும் அனுப்பத் தொடங்கினார்கள். மெத்தனாலும் எண்ணெயும் கலந்த பொம்மை எரிபொருளில் அந்த வெடிகுணம் மட்டுப்பட்டுவிடுகிறது என்பது ஆறுதல்.

அடுத்த பங்களிப்பு ஒரு திருட்டு வழியாக வந்தது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் ஆலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர், போர்க்காலத்தில் ராக்கெட் ஆராய்ச்சி நடந்த பேனமுண்டேயில் வேலை பார்த்தவர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாயை ஆராய்ந்துகொண்டிருந்தார். குழாயின் நடுவயிற்றைப் புடைக்கவைத்து முனையைக் குறுக்கினால், வெளியேறும் ஒலி அலை முட்டித் திரும்பி வரும். தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை அது மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். காசு செலவில்லாத சூப்பர்சார்ஜர். 1961-இல் ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய நட்சத்திர ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பி, அந்த நுட்பத்தோடு ஜப்பானின் சுஸுகியிடம் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுஸுகிக்கு. மாதிரி விமான வேகப் போட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அதே பத்தாண்டில் அமெரிக்கர் பில் விஸ்னீவ்ஸ்கி அந்தப் புடைத்த குழாயைத் தன் குட்டி எஞ்சினில் மாட்டினார். இன்று நைட்ரோ காரின் பக்கவாட்டில் பாம்பு இரை விழுங்கியது போல வீங்கித் தெரியும் பளபளப்பான பைப் அதுதான்.

ரேடியோ கார் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் 1966-இல் வந்த ஃபெராரி ரிமோட் கார் பேட்டரியில் ஓடியது. எஞ்சின் காரை இங்கிலாந்தின் லெஸ்டரில் மார்டேவ் என்ற சிறு கம்பெனி 1970-ஐ ஒட்டிச் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில், தடத்தில் ஓடும் ஸ்லாட் கார் மோகம் திடீரென்று வடிந்தபோது, வேலையற்றுப்போன அந்தக் கம்பெனிகள் 1970-களில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள நைட்ரோ கார்களுக்குத் தாவின. எஞ்சின் மட்டும் விமானத்திலிருந்து கடன் வாங்கியது. விமானத்தில் ப்ரொபெல்லர் காற்றே எஞ்சினைக் குளிர்விக்கும். காரில் அது கிடையாது. ஆகவே தலையில் பெரிய கிரீடம் போன்ற அலுமினியத் தகடுகளை வைத்தார்கள். விமான எஞ்சின் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கலாம். கார் நிற்க வேண்டுமே. அதற்கு, வேகம் கூடும்போது மட்டும் விரிந்து பிடிக்கும் கிளட்ச். 1977-இல் கலிபோர்னியாவின் பொமோனாவில் முதல் உலகக் கோப்பை நடந்தபோது 3.5 சிசி எஞ்சின் நிலைபெற்றுவிட்டது. 125 மில்லி டேங்க் சில நிமிடங்களில் காலியாகும்; ஓட்டுநர் மேடையில் நிற்க, கீழே உதவியாள் காரைத் தூக்கிக் குப்பியால் எரிபொருளைப் பீய்ச்சித் திருப்பி விடுவார். அந்த இரண்டு நொடியில் தோற்ற பந்தயங்கள் ஏராளம்.

இவ்வளவு காலம் பெட்ரோல் எங்கே போயிருந்தது? காட்டுக்கு.

ஜெர்மனியின் ஆந்திரியாஸ் ஸ்டீல் 1929-இல் பெட்ரோல் மரரம்பம் செய்தார். இரண்டு பேர் சுமக்கும் பாரம். 1949-இல் அமெரிக்காவின் ராபர்ட் மெக்கல்லக் ஒருவரே தூக்கக்கூடிய எடைக்கு அதைக் கொண்டுவந்தார். 1968-இல் லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, அரிசோனா பாலைவனத்தில் நிறுத்தினாரே, அதே மெக்கல்லக். மரம் அறுப்பவர் ரம்பத்தைச் சாய்ப்பார், கவிழ்ப்பார். மிதவை வைத்த சாதாரணக் கார்புரேட்டர் அப்போது மூச்சுத் திணறும். அதற்கு மாற்றாக, மெல்லிய சவ்வு துடித்து எரிபொருளை இழுக்கும் கார்புரேட்டர் பரவியது. மிச்சிகனின் வால்ப்ரோ போன்ற கம்பெனிகள் அதைக் கோடிக்கணக்கில் வார்த்துத் தள்ளின. எப்படிப் புரட்டினாலும் ஓடும் குட்டி பெட்ரோல் எஞ்சின் இப்படித்தான் கிடைத்தது. குட்டிக்கரணம் போடும் காருக்கு வேண்டியதும் அதுவே. ஆனால் பொம்மைக்காரர்கள் அதைக் கவனிக்க இன்னும் ஒரு தற்செயல் வேண்டியிருந்தது.

அது 1971-இல் ஹியூஸ்டனில் ஒரு கார் கழுவும் கூடத்தில் நிகழ்ந்தது. சுழலும் நைலான் தூரிகைகள் தன் காரைத் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ் பாலஸ், வீட்டுக்கு வந்து ஒரு பாப்கார்ன் டப்பாவில் ஓட்டை போட்டு, தூண்டில் நரம்பைக் கோத்து, புல்வெளி ஓரம் வெட்டும் எட்ஜர் இயந்திரத்தில் மாட்டினார். மரத்தடிப் புல்லை மரப்பட்டைக்குக் காயமில்லாமல் அது வெட்டியது. நரம்பால் புல்வெட்டும் இயந்திரம் உலகமெல்லாம் பரவ, 20, 25 சிசி எஞ்சின்கள் மலிவு விலையில் குவிந்தன. ஃபிளைவீலில் பதித்த காந்தத்தால் தானே பொறியை உண்டாக்கிக்கொள்ளும் எஞ்சின்கள் இவை, பேட்டரி தேவையில்லை. பிரவுன் ஜூனியரைப் படுத்திய தலைவலியைத் தோட்டக்காரரின் கருவி தீர்த்துவைத்திருந்தது.

ஐந்தில் ஒரு பங்கு அளவில், முக்கால் மீட்டர் நீளத்துக்கு மேல் கார் கட்டிய ஜெர்மானியர்கள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய காரை 3.5 சிசி நைட்ரோ இழுக்காது. பெரிய நைட்ரோ எஞ்சினுக்கு எரிபொருள் வாங்கிக் கட்டுப்படியாகாது. ஜப்பானின் ஸெனோவா கம்பெனி, தோட்டக் கருவிகளுக்குச் செய்த எஞ்சினைத் திருத்தி, 23 சிசி, 26 சிசி அளவில் கார்களுக்கென்றே விற்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் விற்ற இந்த எஞ்சினையும், பின்னால் வந்த பெரிய பக்கி கார்களையும் சீன, தைவான் ஆலைகள் திருகாணி வரை அப்படியே நகலெடுத்தன. அசலின் உதிரிபாகம் நகலிலும், நகலின் பாகம் அசலிலும் பொருந்தும். அசல் செய்தவருக்கு அது நஷ்டம்தான். ஆனால் அந்த நகல்களால்தான் சாதாரண மாதச் சம்பளக்காரர் கைக்குப் பெரிய பெட்ரோல் கார் எட்டியது என்பதையும் மறைக்க முடியாது.

ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு என் தீர்ப்பு எளிது. பங்க்கில் பெட்ரோல் வாங்கி, இருபத்தைந்துக்கு ஒன்று என்ற கணக்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து, கயிற்றை இழுத்தால் போதும்; ஒரு டேங்குக்கு அரை மணிக்கு மேல் ஓடும். நிமிடத்துக்கு 15,000 சுற்றை ஒட்டி நிதானமாகச் சுழல்வதால் எஞ்சின் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். எடையும் விலையும்தான் இடைஞ்சல். நைட்ரோவோ பாடகரின் குரல் மாதிரி. காலையில் ஈரக்காற்று, மதியம் வெயில் என்று வானிலைக்கு ஏற்ப கார்புரேட்டரின் ஊசித் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கலவை கொஞ்சம் வறண்டால் சில நிமிடத்தில் பிஸ்டன் போய்விடும். ஆனால் அந்தத் திருகு சரியாக அமர்ந்த கணத்தில் எழும் குரலைக் கேட்டவர் பெட்ரோலுக்குப் போக மாட்டார். வேலை முடிந்து ஓய்வாகக் கார் ஓட்ட நினைப்பவருக்குப் பெட்ரோல். எஞ்சினோடு பேசிப் பழக நினைப்பவருக்கு நைட்ரோ.

இப்போது இரண்டையும் மின்சாரம் நெருக்குகிறது. லித்தியம் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் சத்தமே இல்லாமல் இவற்றைவிட வேகமாக ஓடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம், வெடிபொருள் செய்ய உதவும் சரக்குகளின் பட்டியலில் நைட்ரோமீத்தேனைச் சேர்த்து, 2021 பிப்ரவரி முதல் 16 சதவீதத்துக்கு மேலுள்ள எரிபொருளைப் பொதுமக்கள் உரிமமின்றி வாங்க முடியாதபடி செய்துவிட்டது. இதற்கிடையே ஒசாகாவின் ஓ.எஸ். கம்பெனி, பிளாட்டினக் கம்பி கனலும் குளோ பிளக்கை வைத்தே பெட்ரோலில் ஓடும் எஞ்சின் ஒன்றை விமானங்களுக்காகச் செய்திருக்கிறது. எந்தப் பிளக் பெட்ரோலை வெளியே அனுப்பியதோ, அதன் கீழேயே பெட்ரோல் எரிகிறது.

நைட்ரோ வாங்கப் போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். அந்த எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சாராயத்தில் கலந்திருந்ததும் அதுதான். எரிபொருளுக்குச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். பார்வைக்குச் சர்பத் போலவே இருக்கும். வந்த டப்பாவிலேயே இறுக மூடி, பூட்டிய அலமாரியில் வையுங்கள். மிச்சத்தை ஒருபோதும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.